செல்போனுக்குள் புகுந்த ராகு காலம்

நமது புதுவையில் இன்று செல்போன் இல்லாத கையைக் காண்பது அரிது. பெரிய கடையில் மீன் விற்கும் அம்மாள் முதல் சர்க்கார் காரியாலயத்துப் பெரிய உத்தியோகஸ்தர் வரை எல்லோரிடமும் அது இருக்கின்றது. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களிடமிருந்து செய்தி வாங்கி, நாம் நிற்கும் தெரு இன்னதென்று அது சொல்லுகின்றது. விநாடி பிசகாமல் மணி காட்டுகின்றது. எத்தனையோ பேருடைய அறிவும் உழைப்பும் அடங்கிய இக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, நம்மவர்களில் பலர் காலையில் எழுந்ததும் அதில் தேடிப்பார்ப்பது என்னவென்றால், "இன்று ராகு காலம் எத்தனை மணிக்கு?" என்பதேயாகும்.

முன்பு சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் காலண்டர் இப்பொழுது சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. நல்ல நேரம் பார்த்துச் சொல்லுவதற்கென்றே செயலிகள் உண்டு. இதைக் கண்டு வைதீகர்கள், "பார்த்தீர்களா, விஞ்ஞானமே பஞ்சாங்கத்தை ஒப்புக்கொண்டு விட்டது" என்று பூரித்துப் போகின்றார்கள். நாம் கேட்கின்றோம்: தபால்காரர் ஒரு மொட்டைக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், அதில் கண்டதெல்லாம் உண்மை என்று தபாலாபீசு ஒப்புக்கொண்டதாக அர்த்தமாகுமா? செல்போனும் ஒரு தபால்காரனே. எதைப் போட்டாலும் கொண்டுவந்து கொடுக்கும். படித்துப் பார்த்து மெய் பொய் அறிய வேண்டியது வாங்குகிறவனுடைய வேலையாகும்.

முதலாவது, இந்த ராகு என்பது யார் என்று பார்ப்போம். வானத்தில் ராகு என்று ஒரு கிரகம் கிடையாது. சந்திரன் பூமியைச் சுற்றும் பாதையும், சூரியன் செல்வதாக நம் கண்ணுக்குத் தோன்றும் பாதையும் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் இரண்டு. அவ்விரண்டு இடங்களுக்கு வைத்த பெயர்களே ராகு, கேது என்பவை. நேரு வீதியும் மகாத்மா காந்தி வீதியும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி, போகிறவர் வருகிறவர்களையெல்லாம் பிடித்து விழுங்குகிறது என்று ஒருவன் சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா?

இது நம் நாட்டாருக்குத் தெரியாத சங்கதியுமல்ல. 1768-ல் லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானநூல் அறிஞர் இந்தப் புதுவைக்கு வந்து தங்கி, இங்கிருந்த தமிழ்க் கணக்கரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். அம்முறைப்படி, 1765 ஆகஸ்டு 30-ந் தேதிய சந்திர கிரகணத்தின் கால அளவு 41 விநாடி மாத்திரமே குறைவாக வந்தது. அவருடைய ஐரோப்பிய அட்டவணையிலோ 68 விநாடி அதிகமாயிருந்தது. இவ்வளவு நுட்பமான கணக்கை வைத்திருந்த ஊரிலேதான், பாம்பு வந்து சந்திரனை விழுங்குகிறது என்ற கதையும் நடந்தது. கணக்கு சிலரிடம், பயம் மற்றெல்லோரிடம். இதுதான் பஞ்சாங்க உத்தியோகத்தின் இரகசியம்.

அந்தக் கிரகண ராகுவுக்கும், கிழமை தோறும் வரும் ஒன்றரை மணி ராகு காலத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மேற்சொன்ன இடம் வானத்தில் எங்கே நகர்ந்து போயிருந்தாலும், திங்கட்கிழமை என்றால் காலண்டரில் 7½ முதல் 9 வரை தான்.

யாருடைய கடிகாரத்தில் 7½ என்பது அடுத்த கேள்வி. இந்தியா முழுமைக்கும் ஒரே மணி என்பது 1906 ஜனவரி 1-ல் ஏற்பட்ட ஏற்பாடு. அது 82½ பாகைத் தீர்க்கரேகைக்குரிய மணி. புதுவையோ 80 பாகைக்கும் சற்று மேற்கே இருக்கின்றது. ஆகவே நம் கடிகாரத்துக்கும் நம் தலைக்கு மேலுள்ள சூரியனுக்கும் சராசரி 10 நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம். யுத்தத்தை முன்னிட்டு 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை பிரிட்டிஷ் இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த மூன்று வருஷமும் ராகு பகவான் வெள்ளைக்காரன் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து ஒரு மணி முன்னதாகவே வேலைக்கு வந்தாரா, அல்லது ஜனங்கள்தான் நல்ல நேரத்தை ராகு காலமென்று எண்ணி வீணே பயந்தார்களா? எதுவானாலும் கெட்டுப் போனவர் யார்?

சில பண்டிதர்கள், "காலண்டரை விடுங்கள், சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து அந்தந்த ஊருக்குத் தனியாகப் பார்க்க வேண்டும்" என்று சமாதானம் சொல்லுவார்கள். நல்லது. வட நார்வேயில் குளிர் காலத்தில் வாரக் கணக்கில் சூரியன் உதிப்பதே இல்லையே, அங்கே எதை எட்டாகப் பிரிப்பது? அங்குள்ள ஜனங்கள் அத்தனை வாரமும் ராகு காலமே இல்லாமல் சுகமாக இருக்கின்றார்களா?

நார்வே தூரமென்றால் பாரிசைப் பார்ப்போம். புதுவையில் அநேக வீடுகளுக்குப் பாரிஸ் பக்கத்து வீடு மாதிரி. சொல்தாவாகப் போனவர்களும், 1962-ல் சட்டப்படி மாற்றம் ஏற்பட்ட பின் பிரெஞ்சுக் குடியுரிமை கொண்டவர்களும், அவர்கள் பிள்ளைகளும் அங்கே இருக்கின்றார்கள். குளிர் காலத்தில் வெள்ளிக்கிழமையன்று பாரிசிலிருக்கும் மகனும் புதுவையிலிருக்கும் தாயும் செல்போனில் முகம் பார்த்துக் கல்யாணப் பேச்சுப் பேச நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். இங்கே 10½ மணி ராகு காலம். அங்கே அப்பொழுது காலை 6 மணி. அங்கே 10½ ஆகி ராகு காலம் பிறக்கும்பொழுது இங்கே பிற்பகல் 3 மணி, யமகண்டம்! தாய்க்கு நல்ல நேரத்தில் மகனுக்குக் கெட்ட நேரம். மகன் தப்பினால் தாய் அகப்பட்டுக்கொள்ளுகிறாள். ஒரே பேச்சு ஒரு முனையில் விளங்கி மறு முனையில் விளங்காமற் போகுமா? இதற்கு எந்தச் செயலி பதில் சொல்லும்?

நிற்க, இதனால் நமக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். ராகு காலம் ஒன்றரை, யமகண்டம் ஒன்றரை, ஆக நாளொன்றுக்கு 3 மணி. வருஷத்துக்கு 1095 மணி. எட்டு மணி வேலை நாளாகப் பிரித்தால் 136 நாளுக்கு மேல் ஆகின்றது. அஷ்டமி, நவமி, கரிநாள், சூலம், சந்திராஷ்டமம் ஆகியவற்றை நாம் இதில் சேர்க்கவில்லை.

எட்டு மணி வேலை நாள் என்பது இந்தப் புதுவைக்குச் சும்மா வந்ததா? 1936 ஜூலை 30-ந் தேதி பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிக்கு இரையானார்கள். அந்தப் போராட்டத்தின் பயனாகத்தான் எட்டு மணி வேலை உரிமை கிடைத்தது. முதலாளியிடமிருந்து உயிர் கொடுத்து மீட்ட நேரத்தை, இல்லாத ராகுவுக்கு நாம் தினமும் தானம் செய்துகொண்டிருக்கின்றோம்.

அரசியல்வாதிகளின் யோக்கியதையைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. வேட்புமனு வாங்கும் நேரம் சட்டப்படி பகல் 11 முதல் 3 வரை. வெள்ளியன்று 12 மணி வரை ராகு காலம், புதனன்று 12 முதல் 1½ வரை, வியாழனன்று 1½ முதல் 3 வரை. இடைப்பட்ட நேரத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் முண்டியடித்துக்கொண்டு போவார்கள். புதுவைச் சட்டசபைக்கு ஜனங்கள் தேர்ந்தெடுப்பது 30 பேரை. நல்ல நேரத்தில் மனுப் போட்ட மற்றவர்கள் தோற்றுத்தான் போகின்றார்கள். டிப்பாசிட்டு இழந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவராவது ஜோசியரிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பாரா? விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிகளின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். அந்தச் சட்டத்தின்மேல் பிரமாணம் எடுப்பவர்களே அதற்கும் முகூர்த்தம் பார்ப்பார்களானால் அந்த எழுத்து யாருக்கு?

விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கல்லர். 2019-ல் சந்திரயான்-2 ஏவு முன் இஸ்ரோ தலைவர் திருப்பதிக்குப் போய்வந்தார். அதன் இறங்குகலம் சந்திரனில் மோதி உடைந்தது. 2023-ல் சந்திரயான்-3-க்கு முன்னும் விஞ்ஞானிகள் சிலர் அங்கே போனார்கள். அது ஆகஸ்டு 23-ல் பத்திரமாக இறங்கியது. திருப்பதி இரண்டு தடவைக்கும் பொது. இடையில் அவர்கள் திருத்தியது பூசையையா, கணக்கையா? கணக்கைத் திருத்தியவர்களுக்குரிய பெருமையை அவர்களே சாமிக்குக் கொடுத்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

இவை யாவும் கேலிக்குரியவை. ஆனால் பிரசவ ஆஸ்பத்திரியில் நடப்பது கேலிக்குரியதல்ல. ஜோசியரிடம் நாழிகை குறித்துக்கொண்டு வந்து, "இந்த நேரத்துக்குக் குழந்தையை அறுத்து எடுங்கள்" என்று கேட்கும் குடும்பங்கள் நம் நாட்டில் உண்டென்பதை டாக்டர்கள் அறிவார்கள். காரணமின்றி 39 வாரத்துக்கு முன் எடுத்தால் குழந்தை மூச்சுவிடத் திணற நேரிடலாம் என்பது வைத்தியம் கண்ட உண்மை. உடனே எடுக்க வேண்டிய குழந்தையை நல்ல நேரம் வரட்டுமென்று நிறுத்தி வைப்பதோ கொலைக்குச் சமம். கத்தி வைப்பது யார் உடம்பில்? அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டார்களா? வலியும் ஆபத்தும் அவளுக்கு. நாழிகை குறிப்பது மாத்திரம் ஜோசியரா?

தோழர்களே! நம் இயக்கத்தார் வேண்டுமென்றே ராகு காலத்தில் திருமணம் நடத்திக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்து காட்டியிருக்கின்றார்கள். அந்தப் பரீட்சை எப்பொழுதோ முடிந்துவிட்டது. இனி ஆக வேண்டியது மூன்று. உங்கள் செல்போனிலிருந்து அந்தச் செயலியை எடுத்தெறியுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "நீர் மனுக் கொடுத்தது யாரைக் கேட்டு?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் போனால், நேரத்தை அவளும் டாக்டரும் தீர்மானிக்கட்டும். ஜோசியரை வாசற்படிக்கு வெளியே நிறுத்துங்கள். இம்மூன்றையும் ராகு காலத்திலேயே ஆரம்பிக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.