பழுப்பும் சருகும்

தமிழின் சொல்வளத்தை எடுத்துக்காட்ட விரும்பும் ஆசிரியர் பலரும் இலையின் பருவப் பெயர்களைச் சொல்லித் தொடங்குதல் வழக்கம். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என ஒவ்வொரு பருவத்திற்கும் தனித்தனிச் சொல் வகுத்த மொழி நம்முடையது. இதனை வகுப்பறையிற் கேட்டு மகிழாத மாணவர் இலர். ஆயினும் இலையின் வரலாறு சருகோடு முடிந்துவிடுவதன்று. சருகு மண்ணிற் கிடந்து, நனைந்து, உருக்குலைந்து மண்ணோடு மண்ணாதலை மட்குதல் என்பர்; அவ்வாறு ஆகிய பொருளை உலகவழக்கில் மக்கு என்பர். பாடம் ஏறாத மாணவனை வைதற்கும் அச்சொல்லே பயன்படுகின்றது. மண்ணுக்கு உயிரளிக்கும் பொருளின் பெயரை வசைச்சொல்லாக்கிக் கொண்ட நாம், அப்பொருளையும் அவ்வாறே இகழ்ந்து தீக்கிரையாக்குகின்றோம் என்பதே இக்கட்டுரையின் முறையீடாகும்.

யான் பிறந்து வளர்ந்த ஊர் வடக்குத்து. அது கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி வட்டத்தில் நெய்வேலி நகரியத்தை ஒட்டியது. செம்மண் நிலம், முந்திரியும் பலாவும் வேம்பும் மிக்க ஊர். விடியற்காலையில் எங்கள் தெருவழியே நடப்பவர் செவியில் முதற்கண் படுவது விளக்குமாற்றின் ஓசை. கண்ணிற் படுவது கொல்லைதோறும் எழும் புகை. வாசல் பெருக்கி நீர் தெளித்த கையோடே கொல்லையையும் பெருக்கி, சருகு முழுவதையும் ஒரு மூலையிற் குவித்துக் கொளுத்திவிடுவது அங்கு நாட்கடன். அங்ஙனம் செய்யாதவர் சோம்பர் எனப் பெயர் எடுப்பர்.

இச்செயல் எவ்வூரில் நடப்பினும் இழப்பே. எங்கள் ஊரில் நடப்பதோ வியப்புக்கும் உரியது. என்னை? எங்கள் வீடுகளுக்கு அணித்தே பெருஞ்சுரங்கங்கள் உள்ளன. நெய்வேலி நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் தோன்றிற்று. 1957-இல் அகழும் பணி தொடங்கியது. 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. அந்நிலக்கரிக்குத் தமிழில் நாம் இட்டுள்ள பெயர் யாது? பழுப்பு நிலக்கரி. நிறம்பற்றி இட்ட பெயரேயாயினும், அது பொருளுக்கும் பொருந்துகின்றது. பல கோடி ஆண்டுகட்கு முன்னர் நீர்ப்பாங்கான காடுகளில் நின்ற மரங்களும், அவை உதிர்த்த பழுப்பும் சருகும் காற்றுப் புகாது மண்ணிற் புதைந்து இறுகியதே அந்நிலக்கரி என்று நிலநூலார் கூறுவர். பண்டைச் சருகைப் பெறுதற்குப் பல பத்து மீட்டர் ஆழம் மண்ணை அகற்றுகின்றோம். இரவு பகலாக ஊற்றுநீரை இறைக்கின்றோம். மலைபோலும் பொறிகளை நிறுத்துகின்றோம். இன்றைய சருகோ மரத்திலிருந்து நம் காலடியில் தானே வந்து விழுகின்றது. அதனைத் தீக்குச்சி ஒன்றால் தொலைத்துவிட்டுச் செடிக்கு எருவும் நீரும் போதவில்லை என்று வருந்துகின்றோம்.

சருகு, வைக்கோல், ஓலை முதலியவற்றை மண்ணின்மேற் பரப்பிச் செடியின் அடியை மூடிவைப்பதற்கு மூடாக்கு என்று பெயர். தமிழ்நாட்டு உழவரிடையே அச்சொல் பரவுமாறு ஊர்தோறும் சென்று உழைத்தவர்களுள் காலஞ்சென்ற கோ. நம்மாழ்வார் (1938-2013) தலைசிறந்தவர். ஜப்பான் தேசத்து மசனோபு ஃபுக்குவோக்கா, அறுத்த வைக்கோலை வயலுக்கே திருப்பிக் கொடுக்கும் முறையை விளக்கி 1975-இல் நூல் வெளியிட்டார். மண்புழுக்கள் இலைகளைத் தம் வளைக்குள் இழுத்துச் சென்று மண்ணைப் புதுக்கும் திறத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, சார்லஸ் டார்வின் 1881-இல் ஒரு நூலே எழுதினார். இவர்கள் யாவரும் புதிதாக ஒன்றைப் படைத்தாரல்லர். காட்டில் ஒருவரும் பெருக்காத இடத்தில் இயல்பாக நிகழ்வதைக் கண்டு சொன்னவர்களே ஆவர்.

மூடாக்கினால் விளையும் பயன்களை எங்கள் மண்ணை வைத்தே கூறுவேன். எங்கள் பகுதிக்குரிய மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்திற் பெய்துவிடுகின்றது. வெறுமையான செம்மண்ணின்மேல் பெருந்துளி மோதுங்கால் மண் கரைந்து, நுண்டுகள் துளைகளை அடைத்துக்கொள்ளும். பின்னர் வெயில் பட்டவுடன் மேற்பரப்பு ஓடுபோல் இறுகும். அதன்மேல் விழும் நீர் உள்ளே இறங்காது ஓடிவிடும். சருகு மூடிய இடத்திலோ துளியின் வேகத்தைச் சருகு தாங்கிக்கொள்ளும். நீர் மெல்ல மண்ணுள் இறங்கும். கோடையில் கதிரவன் வெம்மை நேரே மண்ணைத் தாக்காமையின் ஈரம் நெடுநாள் நிற்கும். ஒளி புகாமையின் களைவிதைகள் பல முளையா. நாளடைவிற் சருகு மட்கி மண்ணோடு கலக்க, அம்மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றலும் பெறும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எவரும் கருதாவண்ணம் எங்கள் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூறுகின்றேன். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபொழுது, எங்கள் மாவட்டத்து முந்திரியும் பலாவும் கணக்கின்றி வீழ்ந்தன. எங்கள் கொல்லையில் நின்ற முதிய பலாவும் அன்று சாய்ந்தது. எனக்கு அப்பொழுது ஐந்து வயது. அம்மரத்தைத் தன் கையால் நட்டு வளர்த்தவள் என் பாட்டி. ஆயா என்றே அவளை அழைப்போம். மீண்டும் ஒரு பலா வேண்டுமென்று அவள் இருமுறை விதையிட்டாள். இருமுறையும் கன்று கோடையிற் கருகியது. மூன்றாம் முறை ஒரே பழத்தின் விதையிலிருந்து இரு கன்றுகளை உண்டாக்கி, ஒன்றைக் கொல்லையின் நடுவிலும் மற்றதை வேலியோரத்திலும் நட்டாள். கொல்லை பெருக்குவது என் கடமை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்த அக்கோடையில், நடுவிடத்தைப் பெருக்கிவிட்டு வேலியோரத்தை நாடோறும் விட்டுவிட்டேன். முந்திரிச்சருகும் வேப்பஞ்சருகும் அங்கே நான்கு விரற்கிடை சேர்ந்துவிட்டன. ஆயா இரு கன்றுக்கும் ஒன்றுவிட்ட நாள் ஒவ்வொரு குடம் நீர் வார்த்தாள். கத்திரி வெயில் முடியுமுன் நடுவிடத்துக் கன்று வாடி மடிந்தது. வேலியோரத்துக் கன்று தளிர்விட்டு நின்றது. சருகை விலக்கி விரலை ஊன்றிப் பார்த்தேன். மண் குளிர்ந்து நெகிழ்ந்திருந்தது. நடுவிடத்து மண்ணில் விரல் இறங்கவேயில்லை. ஒரு கன்றைக் கொண்டு உலகுக்கு விதி வகுத்தல் தகாது என்பதை அறிவேன். ஆயினும் என் சோம்பல் செய்த நன்மை அஃது ஒன்றேயாதலின், அதனை மறத்தற்கில்லை.

இனி, மூடாக்குக்கு எதிராகச் சொல்லப்படும் தடைகளை ஆராய்வோம். முதலாவது, சாம்பலும் எருவன்றோ என்பது. எருவே, சாம்பலிற் சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் உண்டு. ஆனால் சருகிலிருந்த தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடுகின்றது. மண்ணைப் பொதுபொதுப்பாக்கும் கரிமப்பொருளும் போய்விடுகின்றது. எஞ்சிய சாம்பலையும் காற்று அள்ளிச் செல்லும். அன்றியும், இலைப்புகையின் நுண்டுகள் நுரையீரலுக்குப் பகை. இருமலால் வருந்தும் முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டின் பலகணிக்குக் கீழேயே அன்றோ இத்தீ மூட்டப்படுகின்றது? 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தலைத் தடைசெய்து, சிறு அளவில் எரிப்பவருக்கு 5,000 ரூபாயும் பேரளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் தண்டம் வகுத்தது.

இரண்டாவது தடை, கறையானும் பாம்பும் தேளும் சேருமென்னும் அச்சம். இவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. ஆனால் அவை விரும்புவது உயர்ந்த குவியலையும், நெடுநாள் கலைக்கப்படாத மூலையையும். மெல்லிதாகப் பரப்பிய மூடாக்கு குவியலன்று. சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளியும், நடைபாதையையும் கிணற்றடியையும் விட்டும் பரப்பினால் இடர் பெரிதும் குறையும். சருகிற் கைவைக்குமுன் ஒரு கோலாற் கிளறிப் பார்த்தல் அறிவுடைமை. கறையான் பெரும்பாலும் உண்பது பட்ட பொருளையே. ஆயினும் அடிமரத்தைச் சருகு தொடாமல் ஒரு சாண் வட்டம் விட்டுவிடுதல் வேண்டும். அடிமரம் எப்பொழுதும் ஈரமாயிருப்பின் பட்டை அழுகும் என்பதும் அதற்கு மற்றொரு காரணம்.

அடுத்து, எதனைக் கொண்டு மூடுவது என்னும் வினா. என் கருத்தில் இதற்கு விடை எளிது: எம்மரம் உன் கொல்லையில் நிற்கின்றதோ அம்மரத்தின் சருகே உனக்குரிய மூடாக்கு. முந்திரியிலையும் பலாவிலையும் தோல்போல் தடித்தவை, மெல்ல மட்குபவை, ஆதலின் மரங்களுக்கும் கன்றுகளுக்கும் ஏற்றவை. வேம்பு, முருங்கை ஆகியவற்றின் சிற்றிலைகள் விரைவில் மட்குதலின் கத்தரி, வெண்டை முதலிய காய்கறிப் பாத்திக்கு நல்லவை. வாழைச்சருகும் வெட்டிய வாழைத்தண்டும் ஈரத்தோடு கிடப்பவை. கரும்பு விளையும் பக்கங்களிற் கிடைக்கும் சோகை மிகச் சிறந்தது. தென்னைக்கோ அதன் மட்டையே போதும். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் வட்டத்துள் நூறு மட்டைகளை, குவிந்த புறம் மேலாக அடுக்குமாறு தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையார் அறிவுறுத்துவர். வைக்கோலை மட்டும் மாடு உண்டபின் மிஞ்சியதிலிருந்தே எடுத்தல் முறை. தைலமரத்து இலை பிற செடிகளின் முளைப்பைத் தடுக்குமாதலின் அதனைப் பாத்தியிலிடாது நடைபாதையிற் பரப்பலாம். மரத்தூளை மண்ணோடு கலத்தல் கூடாது. அது மட்குங்கால் மண்ணின் தழைச்சத்தைச் சிலகாலம் தானே கவர்ந்துகொள்ளும். நோயுற்ற செடியின் இலையை மூடாக்காக்காமல் அகற்றிவிடல் வேண்டும்.

இடுங்காலமும் அளவும் அறிந்து இடுதலே பயன் தரும். காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சலையே மூடிவைத்தவர் ஆவோம். சிறு தூறல் சருகிலேயே தங்கி மண்ணைச் சேராது போகும். ஆதலின் முதலில் நன்றாக நீர் பாய்ச்சி, அதன்பின் மூடுக. எங்கள் பக்கத்தில் மழை ஓய்ந்து மண் ஈரமாயிருக்கும் மார்கழிக் கடையும் தை முதலுமே ஏற்ற காலம். கனம் மூன்று அங்குலமுதல் நான்கு அங்குலம் வரை இருத்தல் போதும். சருகு மட்கித் தாழத் தாழ மேலும் இட்டுவருதல் வேண்டும். அடைமழைக் காலத்தில் நீர் தேங்கும் தாழ்விடங்களில் மட்டும் சிறிது விலக்கிவைக்கலாம்.

இக்காலத்து நகர்ப்புற வீடுகள் சிலவற்றில் வெண்கூழாங்கல்லைப் பரப்பியும், கரிய பிளாஸ்டிக் விரிப்பிட்டும் முற்றத்தை அழகுசெய்கின்றனர். கல் களையைச் சிறிது தடுக்கும், ஆனால் வெயிலை வாங்கிச் செடிக்கே திருப்பித் தரும், எக்காலத்தும் மட்காது. விரிப்போ சில ஆண்டுகளிற் கிழிந்து துண்டு துண்டாகி மண்ணோடு கலந்து விடும். காசு கொடுத்து இவற்றை வாங்கி இட்டுவிட்டு, காசின்றி விழுந்த சருகைக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்புகின்றோம். இதனை நாகரிகம் என்று எங்ஙனம் கூறுவது?

மூன்றாவது தடையே உண்மையில் வலியது. அது நூலறிவால் நீங்குவதன்று. வேலியோரத்துச் சருகை நான் காத்துநின்றபொழுது ஆயா கேட்டது இதுவே: "குப்பைய அப்படியே போட்டு வெச்சா, பாக்குறவங்க பொம்பள இல்லாத வூடுன்னு சொல்ல மாட்டாங்களா?" அவள் நாணத்தை நான் நகைக்கவில்லை. ஐம்பதாண்டு அவள் விடியுமுன் எழுந்து காத்தது மண்ணையன்று, குடும்பத்தின் மானத்தை. பெருக்கிய நிலமே ஒழுக்கமுள்ள வீட்டின் அடையாளம் என்று கற்பித்தது ஊர், குற்றம் அவளுடையதன்று. ஆதலின் நாங்கள் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். வாசல் அவளுடையது, அங்கே ஒரு துரும்பும் கிடத்தலாகாது. கொல்லை பலாவினுடையது, அங்கே தீக்குச்சி புகுதலாகாது. வாசலில் விழுந்த சருகை அவளே கூடையில் வாரிக்கொண்டு போய்ப் பலாவைச் சுற்றிப் பரப்புகின்றாள். வட்டம் பிசகாமல் அவள் பரப்பும் அழகைக் கண்டு அயலார் இருவர் கேட்டறிந்து சென்றனர். என் ஓராண்டுச் சொற்பொழிவு செய்யாததை அவ்வட்டம் செய்தது.

இதிலிருந்து யான் கற்றது, தூய்மைக்கு இடமறிதல் வேண்டும் என்பதே. மனிதர் நடக்கும் நிலத்திற்கு வெறுமை தூய்மை. வேர் நடக்கும் நிலத்திற்குப் போர்வையே தூய்மை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதே நாம் செய்த பிழை.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரி வளாகத்திலும் விடுதியைச் சூழவும் நிழல்தரும் மரங்கள் பல. அவை உதிர்ப்பதை அவற்றின் அடியிலேயே இடுவதற்குப் பணமும் வேண்டா, சங்கமும் வேண்டா; விடுமுறை நாளிற் சிலர் கைகள் போதும். பழைய மாணவர்களாகிய பெரியோர் தத்தம் வீட்டுக் கொல்லையில் இவ்வாண்டே ஒரு மரத்தடியைத் தொடங்கிப் பார்ப்பாராக. எங்கள் கொல்லைப் பலா இப்பொழுது ஓட்டு வளையை எட்டிவிட்டது. அது காய்க்கும் ஆண்டில் முதற்பழத்தைத் தன் கையால் அறுக்க ஆயா இருத்தல் வேண்டுமென்பது என் ஆசை. அதுவரை எங்கள் வீட்டிற் சருகு எரியாது.