விடையைச் சொல்லிவிடாதீர்கள்!



ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடப்பட்டதும் வீடுகளில் ஒரு புதிய சிக்கல் தொடங்குகிறது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளை நாள் முழுவதும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியே வெயில் கொளுத்துகிறது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போக வேண்டும். பாட்டி ஊருக்குப் போனாலோ, மாமா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே கூடிவிடும். "நீதானே பெரியவன், சின்னவர்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்ற பொறுப்பு, ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படிக்கும் உங்கள் தலையில்தான் வந்து விழும்.

இந்தப் பொறுப்பைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. கோடை விடுமுறையில் உங்கள் தம்பி தங்கைகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அவர்கள் கேட்கும் கேள்விக்கு உடனே விடை சொல்லாமல் இருப்பதுதான்.

"இதென்ன விந்தை! ஆசிரியராக இருந்துகொண்டு விடை சொல்லாதே என்கிறாரே" என்று தோன்றுகிறதா? காரணத்தைக் கூறுகிறேன்.

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்பது எளிய சோதனைகளுள் ஒன்று. நூலைக் கட்டுவதற்கு முன்பே பலர் கேட்கும் கேள்வி, "சார், விடை எவ்வளவு வர வேண்டும்?" என்பதுதான். 980 என்று தெரிந்துவிட்டால் போதும். கடிகாரம் என்ன காட்டினாலும், பின்னாலிருந்து கணக்குப் போட்டு அளவுகளைத் திருத்தி, 980ஐக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். இவர்கள் பொய்யர்கள் அல்லர், நல்ல பிள்ளைகள். ஆனால் விடைதான் முக்கியம், அது எங்கோ முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்று சிறு வயதிலிருந்தே பழகிவிட்டார்கள். பதினெட்டு வயதில் இந்தப் பழக்கத்தை மாற்றுவது எளிதன்று. ஐந்து வயதில் அது தொடங்காமல் பார்த்துக்கொள்வது எளிது. அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் நீங்களே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கோடையில் பல வீடுகளில் மண்பானையில் தண்ணீர் வைப்பார்கள். "அண்ணா, பானைத் தண்ணீர் மட்டும் ஏன் ஜில்லென்று இருக்கிறது?" என்று தங்கை கேட்கிறாள். "பானையில் நுண்துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகிறது, அதனால் குளிர்கிறது" என்று நீங்கள் சொல்லிவிடலாம். கைப்பேசியைக் கேட்டால் அது இன்னும் விரைவாகச் சொல்லிவிடும். விடை சரிதான். ஆனால் அந்த நொடியில் கேள்வி செத்துவிடுகிறது. நுண்துளையை அவள் பார்த்ததில்லை. நீர் ஆவியாவதும் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீங்கள் பாடப்புத்தகத்தை நம்பியது போல அவள் உங்களை நம்ப வேண்டியதுதான்.

மாறாக, "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "பானை தண்ணீரைக் குடித்துவிடுகிறது" என்று அவள் சொல்லக்கூடும். சிரித்துவிடாதீர்கள். புதுப் பானை உண்மையிலேயே நீரை உறிஞ்சத்தான் செய்யும். ஆகவே அவள் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சோதிக்க ஒரே அளவுள்ள இரண்டு சிறு பானைகள் போதும். முதல் நாளே இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, அவை 'வயிறு நிறைய' குடிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். மறுநாள் காலை அந்த நீரைக் கொட்டிவிட்டு, ஒரே குடத்திலிருந்து ஒவ்வொன்றிலும் 2 லிட்டர் அளந்து ஊற்றுங்கள். ஒரு பானையின் வெளிப்புறத்தைப் பாலிதீன் உறையால் இறுக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மாலையில் தங்கை இரண்டிலும் கைவிட்டுப் பார்க்கட்டும். நீரை டம்ளரால் அளக்கட்டும். எதில் நீர் குறைந்தது, எது குளிர்ந்தது என்பதை அவளே சொல்லுவாள். காற்றுப் படாத பானை குளிரவில்லை என்று கண்டதும், "அப்படியானால் தண்ணீர் காற்றில் போய்விட்டதா?" என்று அவளே அடுத்த கேள்வியைக் கேட்பாள். ஒரு கேள்வி இன்னொரு கேள்வியை ஈன்றால்தானே அறிவியல் வளரும்?

இங்கே உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். பானையிலிருந்து 20 கிராம் நீர் ஆவியானது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 11,600 கலோரி தேவை. அவ்வளவும் பானையிலுள்ள 2,000 கிராம் நீரிலிருந்தே எடுக்கப்பட்டால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி இறங்க வேண்டும். ஆனால் சுற்றியுள்ள காற்றும் பானைக்கு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் உண்மையில் அவ்வளவு இறங்காது. 'உள்ளுறை வெப்பம்' என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்த சொல், அடுப்படி மூலையில் உயிருடன் உட்கார்ந்திருப்பதை அப்போது காண்பீர்கள். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே அங்கே பானைத் தண்ணீர் உள்நாட்டு ஊர்களில் குளிரும் அளவுக்குக் குளிராது. சென்னையிலிருந்து வந்திருக்கும் மாமா பையனிடம் கேட்டுப் பாருங்கள்.

சொல்லப்பட்ட விடையைச் சோதித்துப் பார்ப்பது குழந்தை விளையாட்டு என்று எண்ண வேண்டாம். கடலின் நீலம், வானத்தின் நீலம் பிரதிபலிப்பதால் தெரிவதே என்று ராலே பிரபு கூறியிருந்தார். அவர் நோபல் பரிசு பெற்ற மேதை. அவர் சொல்லை உலகம் ஏற்றிருந்தது. 1921ஆம் ஆண்டு கப்பற்பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்ட சர் சி.வி. இராமன், நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவியின் வழியாகக் கடலைப் பார்த்தார். பிரதிபலித்து வரும் வான ஒளியை அந்தப் பட்டகத்தால் தடுக்க முடியும். தடுத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது! நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்பதை அதிலிருந்து அவர் உணர்ந்தார். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்ற ஆய்வுதான் 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவில் வந்து முடிந்தது. 1930ஆம் ஆண்டு நோபல் பரிசும் கிடைத்தது. பெரியவர் ஒருவர் விடை சொல்லிவிட்டார் என்று இராமன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதே நாம் நினைவில் வைக்க வேண்டியது.

மண்பானை இல்லாத வீட்டில் என்ன செய்வது? ஒரு நூலும் ஒரு சிறு பூட்டும் போதும். நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டுங்கள். தொங்கும் நீளம் 1 மீட்டர் என்றால், ஒரு முறை போய்த் திரும்ப ஏறத்தாழ 2 விநாடி ஆகும். பத்து வரை எண்ணத் தெரிந்த தம்பி அலைவுகளை எண்ணட்டும்; நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். "நேரம் பாதியாக வேண்டுமானால் நூலை எவ்வளவு குறைக்க வேண்டும்?" என்று கேளுங்கள். "பாதி" என்பான். செய்து பார்க்கட்டும். பாதி போதாது, கால் மீட்டராக, அதாவது 25 சென்டிமீட்டராகக் குறைத்தால்தான் 1 விநாடி வரும். அவன் முகத்தில் வியப்பு தெரியும். சூத்திரம் தெரிந்த உங்களுக்கே ஒரு கணம் வியப்பாக இருக்கும்!

நிழலும் அப்படித்தான். உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். மொட்டைமாடியில் 1 மீட்டர் உயரக் கம்பை நேராக நிறுத்தி, நண்பகலை ஒட்டிச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். சூரியன் நேர் உச்சியில் நிற்பதும் நிழல் அடியோடு மறைவதும் ஆண்டில் இரண்டே நாள்களில்தான். கோடையில் அந்த நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டியும், மதுரையில் ஏப்ரல் 16ஐ ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் வருகிறது. அதன் பிறகு, மே மாதம் முழுவதும் நம் ஊர்களில் உச்சிவேளை நிழல் தெற்கு நோக்கி விழும். மே 25ஐ ஒட்டி அந்தக் கம்பின் நிழல் மதுரையில் சுமார் 20 சென்டிமீட்டர், சென்னையில் சுமார் 14 சென்டிமீட்டர் இருக்கும். நிழல் மிகக் குறுகும் நேரமும் சரியாக 12 மணி அன்று. கோவையில் அதற்குச் சுமார் 20 நிமிடம் பிந்தும். உங்கள் ஊரில் எப்போது? யாரையும் கேட்க வேண்டாம். நிழலைக் கேளுங்கள். சூரியனை மட்டும் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதைச் சின்னவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"எல்லாக் கேள்விக்கும் இப்படிச் சோதனை செய்துகொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாதுதான். நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கம்பும் நூலும் உதவா. அப்போது "எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்வதில் குறைவு ஒன்றுமில்லை. விடையை உடனே, உறுதியாகச் சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. மின்செருகியில் கம்பியை நுழைக்கலாமா, அடுப்பைத் தொடலாமா என்பவை சோதித்துப் பார்க்கும் கேள்விகள் அல்ல. கிணறு, குளம், கல்குவாரிப் பள்ளம் ஆகியவற்றுக்குப் பெரியவர் துணையின்றிச் சின்னவர்களை அழைத்துச் செல்லவே கூடாது. விடுமுறைக் காலத்தில் நீரில் மூழ்கி இறக்கும் பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம் அல்லவா?

நகரங்களில் கோடை முகாம்கள் பெருகிவிட்டன. நல்ல ஆசிரியரிடம் நீச்சலோ ஓவியமோ கற்பது நன்றே. ஆனால் கட்டணம் கட்டி அனுப்பினால்தான் குழந்தைக்கு அறிவியல் வரும் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளை எதையோ இழந்துவிட்டதாக ஏங்க வேண்டியதில்லை. மேலே சொன்னவற்றுள் பானையைத் தவிர எதற்கும் காசு வேண்டாம். நேரம் வேண்டும், பொறுமை வேண்டும்.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. "சின்னவர்களைப் பார்த்துக்கொள்" என்ற வேலை பல வீடுகளில் அக்காவுக்கு மட்டுமே போய்ச் சேருகிறது. அண்ணன் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறான். இது நியாயமன்று. காலையில் ஒரு மணி நேரமாவது தம்பி தங்கைகளை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும். அக்காவும் அந்த நேரத்தில் விளையாடட்டும், படிக்கட்டும். நூலும் பூட்டும் அண்ணன் கையிலும் ஆடத்தானே செய்யும்?

கடைசியாக ஒரு யோசனை. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் மீதமிருக்கும் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே கோடு போட்டு, இடப்புறம் 'நினைத்தது' என்றும் வலப்புறம் 'கண்டது' என்றும் எழுதுங்கள். எழுதத் தெரியாத குழந்தை படம் வரையட்டும். செய்து பார்ப்பதற்கு முன் இடப்புறத்தை நிரப்ப வேண்டும். பார்த்த பின் வலப்புறத்தை நிரப்ப வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான். இரண்டும் மாறுபட்டாலும் இடப்புறம் எழுதியதை ரப்பரால் அழிக்கக் கூடாது. விடுமுறை முடியும்போது அந்தப் பக்கங்களில் தவறான ஊகங்கள் நிறைய இருக்கும், இருக்கட்டும். அந்தக் குழந்தை ஒரு நாள் செய்முறைக் கூடத்துக்குள் நுழையும்போது, "விடை எவ்வளவு வர வேண்டும்?" என்று யாரையும் கேட்காது.