பயிர் காட்டும் பழைய ஊர்கள்

யவனர் என்னும் சொல் பாடத்தில் வரும்போதெல்லாம் தமிழாசிரியராகிய நமக்கு ஒரு பெருமிதம் பிறந்துவிடுகிறது. அகநானூற்றின் 149ஆம் பாடலைக் காட்டி, பொன்னைத் தந்து மிளகைப் பெற்றுச் சென்ற மரக்கலங்களை வருணிக்கிறோம். புதுவையில் பாடம் நடத்துவோருக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. அரிக்கமேடு நம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர்தான் என்று சொல்லி வகுப்பை முடிக்கலாம். மாணவர் வியப்பர், மணியும் அடித்துவிடும். அக்கலங்களில் ஏறிய துணியை நெய்தவர் எவ்வூரார், துறையில் வாழ்ந்தோர்க்கு நெல் எந்த வயலிலிருந்து வந்தது என்று எந்த மாணவரும் நம்மைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நம்மிடம் விடை இல்லை.

அரிக்கமேட்டை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் கட்டடச் சிதைவுகள் கிடப்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தி குறித்துவைத்தார். பிறகு துப்ராய் அதன் சிறப்பை உணர்ந்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, இத்தாலியச் செந்நிற மட்கலங்களையும் மதுச்சாடி ஓடுகளையும் கொண்டு அதன் காலத்தைக் கணித்தார். 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் ஆய்ந்தார். வீலர் அவ்விடத்தை இந்திய உரோம வாணிக நிலையம் என்றார். உரோம வாணிகம் வருமுன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதையும், அது ஓய்ந்த பின்னும் வாழ்ந்தனர் என்பதையும் பெக்லியின் ஆய்வு புலப்படுத்தியது. ஆகவே அது யவனர் அமைத்த ஊரன்று. யவனப் பொருள் வந்திறங்கிய தமிழூர். இத்தனை ஆய்வும் துறைமுகத்தோடு நின்றுவிட்டது என்பதே நம் குறை. துறையைத் தாங்கிய சிற்றூர்களை யாரும் முறையாகத் தேடவில்லை.

மேலைநாட்டார் இத்தகைய தேடலை வேறு வழியிற் செய்தனர். மண்ணுக்கடியில் பழஞ்சுவரின் அடித்தளம் கிடந்தால், அதன்மேல் முளைத்த பயிரின் வேர் ஆழமாகச் செல்ல இயலாது. ஈரம் குறைந்து, பயிர் குட்டையாகி, முன்னதாகவே பழுத்துவிடும். தூர்ந்த அகழியின்மேல் வளர்ந்த பயிரோ, ஆழ்ந்த மண்ணின் ஈரத்தை உறிஞ்சிச் செழித்து நெடுநாள் பச்சையாக நிற்கும். வறட்சிக் காலத்தில் இவ்வேறுபாடு மிகும். வயலுக்குள் நிற்பவர் கண்ணுக்கு வெறும் திட்டாகத் தெரிவது, வானூர்தியிலிருந்து எடுத்த ஒளிப்படத்தில் வீடாகவும் வேலியாகவும் தெருவாகவும் விரியும். முதல் உலகப்போருக்குப் பின் இங்கிலாந்தில் கிராஃபோர்டு இம்முறையை ஒரு துறையாகவே வளர்த்தார். பிரான்சில் ரோஜெ அகாஷ், சோம் ஆற்றுச் சமவெளியின்மீது பல ஆண்டுகள் பறந்து, உரோமர் காலப் பண்ணை மனைகளை நூற்றுக்கணக்கில் கண்டார். அவருக்குப் பயிரைவிடக் குளிர்காலத்து உழவே பெரிதும் துணைநின்றது. கலப்பை கிளறிய சுண்ணக்கல் துகள்கள் கரிய மண்ணில் வெண்கோடுகளாய் நின்று சுவர்களின் வரைபடத்தைத் தாமே காட்டின. 2018ஆம் ஆண்டின் கடும்கோடையில் அயர்லாந்தின் நியூகிரேஞ்சு அருகே இவ்வாறே ஒரு தொல்வட்டம் ட்ரோன் படத்தில் தென்பட்டது.

அரிக்கமேட்டை அகழ்ந்த அதே வீலர் 1958இல் பெஷாவருக்கு அருகிலுள்ள சார்சத்தாவில் ஆய்வு நடத்தினார். அங்கே வான்வழி ஒளிப்படங்கள், ஷேக்கான் தேரி என்னும் மேட்டில் இந்தோ கிரேக்க நகரொன்றின் நேரான தெருக்களைக் காட்டிக்கொடுத்தன. மக்கள் சுவர்க்கற்களைப் பெயர்த்தெடுத்த பள்ளங்களே அங்குச் சுவர்களின் போக்கைக் காட்டின என்பது சுவையான செய்தி. அக்கண் நம் புதுவைச் சிற்றூர்களின்மேலும் விழுந்திருக்கலாகாதா என்னும் ஏக்கம் நமக்கு உண்டு.

நெல் விளையும் நாட்டில் இம்முறை எடுபடாது என்று நண்பர் சிலர் மறுப்பர். அவர் கூற்றில் உண்மை இருக்கிறது. நீர் தேங்கிய வயலில் சுவரின் மேலும் ஈரம், அகழியின் மேலும் ஈரம். பயிர் எதையும் சொல்லாது. தென்னந்தோப்போ மேலிருந்து பார்ப்பவர் கண்ணையே மறைத்துவிடும். கீழடியின் பள்ளிச்சந்தைத் திடலும் தோப்புக்குள்தான் இருந்தது. ஆயினும் நம் வட்டாரம் முழுவதும் நஞ்சையன்று. வானம் பார்த்த கொல்லைகளில் மணிலாவும் கம்பும் கேழ்வரகும் விளைகின்றன. நெல்லறுத்த தாளிடையே எஞ்சிய ஈரத்தில் உளுந்து வளர்கிறது. இவை பேசக்கூடிய பயிர்கள் என்பது நம் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவரோடு புதுவைக்கு மேற்கே ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பதே நோக்கம். முதியவர் ஒருவர் தம் கொல்லையைக் காட்டி, "இந்தப் பட்டை மட்டும் வருசா வருசம் முன்னாடியே காஞ்சிடுது ஐயா. ஏரு ஓட்டுனா ஓடு ஓடா வருது" என்றார். நாம் தலையசைத்துவிட்டுப் பாட்டைக் கேட்கத் திரும்பினோம். மறு ஆண்டு அவ்வழியே சென்றபோது அங்கே மனைக்கற்கள் நட்டிருந்தன. அடியில் இருந்தது பழைய ஊரா, வெறும் பாறையா என்று இனி எவரும் கூறவியலாது. இதில் பிறரைக் குறைகூற நமக்கு வாயில்லை.

வானூர்தியிலிருந்து ஊரைப் படிக்கும் கலை புதிது. பயிரைப் படிக்கும் அறிவு பழைது. இங்கிலாந்தின் ரிச்பரோவில், மண்மூடிய உரோமத் தெருக்களின் போக்கில் பயிர் மெலிந்திருப்பதைக் கேம்டன் தம் 'பிரித்தானியா' நூலில் எழுதிய காலத்தில் வானூர்தி ஏது? நம் உழவர் அவ்வறிவைப் பெயர்களாக்கி வைத்துள்ளனர். மேடு, திடல், பரம்பு, நத்தம் என்பன வெறும் ஈறுகள் அல்ல. அரிக்கமேடும் மேடுதானே!

இன்று கருவிக்கும் பெருங்குறையில்லை. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா உளவுக்காக எடுத்த செயற்கைக்கோள் படங்கள் 1995இல் வெளியிடப்பட்டன. மெல்லிய சுவர்களை அவை காட்டா. மேடுகளையும் தூர்ந்த ஏரிகளையும் மனைகள் எழுமுன் இருந்தவாறு காட்டும். 2021ஆம் ஆண்டின் விதிகள் ட்ரோன் பறத்தலையும் எளிதாக்கின. நாம் குடியிருக்கும் சாரத்தில், இலாசுப்பேட்டை வானூர்தி நிலையம் அருகிலிருப்பதால், இசைவின்றிப் பறக்கவிட முடியாது. பறக்கவிட்டாலும் மொட்டைமாடிகளும் நீர்த்தொட்டிகளுமே தெரியும்! சாரமும் ஒருகாலத்தில் வயலும் தோப்புமாக இருந்ததென்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் ஏடு மூடப்பட்டுவிட்டது. மூடப்படாத கொல்லைகளுக்குத் தொல்லியலாரோடு தமிழ்த்துறையும் செல்ல வேண்டும். ஒளிப்படத்தில் தெரியும் திட்டுக்கு ஊரார் இட்ட பெயரைக் கேட்டெழுதுவது நம் பணி.

சென்ற விடுமுறையில் மாணவர் பன்னிருவரை, தத்தம் ஊர் வயல்களின் பெயர்களை எழுதிவரப் பணித்தோம். ஒன்பதின்மர் எழுதிவந்தனர். ஒரு மாணவியின் ஏட்டில் 'ஓட்டுக்கொல்லை' என்றொரு பெயர் இருந்தது. அங்கே செருப்பில்லாமல் நடக்காதே என்று பாட்டி எச்சரிப்பாராம். அக்கொல்லையில் இவ்வாண்டும் மணிலா விதைத்திருக்கிறார்கள்.