சாவியைத் திருகாதீங்க சாமி!

மழை நின்ற மறுநாள் காலை வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் என்று எந்தத் தெருவுக்குள் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இடுப்பளவு தண்ணீர் வடிந்து தெரு முழுக்கச் சேறு. வாசலில் ஒரு கார். கதவில் பாதி உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. லுங்கியை மடித்துக் கட்டிய உரிமையாளர் கதவைத் திறக்கிறார், அரை வாளித் தண்ணீர் அவர் காலில் கொட்டுகிறது. அதையெல்லாம் அவர் கண்டுகொள்வதே இல்லை. சீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து உட்கார்ந்து நேராகச் சாவியைத் திருகுகிறார்.

"டக்".

அவ்வளவுதான் சத்தம். எதிர்வீட்டு மாமா பால்கனியிலிருந்து குரல் கொடுக்கிறார், "இன்னொரு தடவ அடிச்சுப் பாருங்க சார், பிடிச்சுக்கும்". இன்னொரு தடவையும் டக். அப்புறம் தெருப்பையன்கள் நாலு பேர் வந்து விடுகிறார்கள். செகண்ட் கியரில் போட்டு, கிளட்சை மிதித்து... தள்ளு தள்ளு தள்ளு! (நம் ஊரில் நின்றுபோன வண்டியைத் தள்ளுவதற்கு மட்டும் ஆள் பஞ்சமே வந்ததில்லை.)

பத்து நாள் கழித்து அதே மனிதர் சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கனெக்டிங் ராடு வளைந்துவிட்டதாம். இன்ஜினையே மாற்ற வேண்டுமாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் மிகவும் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்கிறார்: "கான்சிக்வென்ஷியல் லாஸ் சார்". அதாவது வெள்ளம் உங்கள் இன்ஜினைக் கெடுக்கவில்லை. நீங்கள்தான் கெடுத்தீர்கள்.

இந்தக் கதையில் ரெண்டு பேர் மேல் கோபம் வர வேண்டும். ஒருவர் அந்த பால்கனி மாமா. இன்னொருவர் அந்த மரியாதையான ஆசாமி.

முதலில் மாமா.

இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருப்பதை அமுக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பள்ளிக்கூட சயின்ஸ்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டால்தான் பயம் வரும். 1200 சிசி, நாலு சிலிண்டர் பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. கம்ப்ரஷன் ரேஷியோ 10க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லி. இருமல் மருந்து பாட்டிலோடு 10 மில்லி மூடி ஒன்று தருவார்களே, அதில் மூன்று மூடி. அதைத் தாண்டித் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வரவே முடியாது. டீசல் இன்னும் மோசம். 1250 சிசி டீசலில் ரேஷியோ 17, 18 என்று இருந்தால் மிஞ்சும் இடம் 20 மில்லிகூடத் தேறாது. ரெண்டு மூடி!

வெறும் ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் சுற்றினால் சில நேரம் இன்ஜின் அப்படியே பூட்டிக்கொண்டு நின்றுவிடும். அதுதான் அந்த "டக்". அந்த நிமிஷம் இறங்கி வந்திருந்தால் பல வண்டிகள் பிழைத்திருக்கும். ஆனால் ஒரு சிலிண்டரில் தண்ணீர், மற்ற மூன்றில் இல்லை என்றால்? அந்த மூன்றும் பற்றிக்கொண்டு வேகம் எடுக்கும்போது நாலாவது ராடு வளைகிறது. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது அதைவிடக் கொடுமை. கிளட்சை விட்ட நொடியில் ஒரு டன் எடையுள்ள காரின் வேகம் முழுக்க அந்த ஒற்றை ராடின் தலையில் இறங்குகிறது. வெள்ளம் ராத்திரி முழுக்கச் செய்யாததை நாலு பையன்கள் பத்து நொடியில் செய்து முடிக்கிறார்கள், பாவம், நல்ல மனசோடு.

"அப்போ தொடவே கூடாது, மெக்கானிக் வரட்டும்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதுவும் வெட்டிப் பேச்சு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், இழுத்துப் போகும் வண்டி கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் சேறு பூசிய கார்கள் வரிசை கட்டி நின்றன. தண்ணீர் புகுந்த சிலிண்டர் அதுவரை பொறுமையாகக் காத்திருக்காது. ஓரிரு நாளிலேயே உள்சுவரில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும். வீட்டில் செய்ய வேண்டிய வேலை நிச்சயம் இருக்கிறது. ஆனால் அது ஸ்டார்ட் பண்ணும் வேலை அல்ல. தண்ணீரை வெளியேற்றும் வேலை.

அது ஒன்றும் பெரிய வித்தையும் இல்லை. முதலில் போன். கதவில் இருக்கும் பழுப்புக் கோடு, டேஷ்போர்டு, பானெட்டுக்குள் சேறு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இது எதற்கு என்று பின்னால் தெரியும். அடுத்து 10 நம்பர் ஸ்பேனர். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டால் நனைந்த வயரிங்கில் நடக்கும் கூத்து நிற்கும். ஆசைப்பட்டாலும் சாவியைத் திருக முடியாது என்பது கூடுதல் லாபம் :-)

பிறகு ரெண்டு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒன்று, ஏர் ஃபில்டர் பெட்டி. உள்ளே இருக்கும் காகித ஃபில்டர் காய்ந்திருந்து, தண்ணீர்க் கோடும் காற்று உறிஞ்சும் வாய்க்குக் கீழேயே நின்றிருந்தால், அந்த வழியாகத் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு குறைவு. ஃபில்டர் ஊறிப்போயிருந்தால் உள்ளே போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ரெண்டு, ஆயில் பார்க்கும் குச்சி. அளவு ஏறியிருந்தாலோ, ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தாலோ தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு இன்ஜின் ஓடினால் பேரிங்குகள் காலி, ராடு வளையாமலே.

பெட்ரோல் வண்டி என்றால் ஏர் ஃபில்டரை எடுத்துக் குழாய்களில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, ஸ்பார்க் ப்ளக்குகளை எல்லாம் கழற்ற வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை. ப்ளக்குகள் வெளியே வந்த பிறகு, மேனுவல் வண்டியை டாப் கியரில் போட்டு மெதுவாக முன்னால் நகர்த்தினாலே இன்ஜின் சுற்றும். ப்ளக் இருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அதே நாலு பையன்கள், அதே தள்ளு! ஆனால் இப்போது தண்ணீருக்கு வெளியே போக வழி இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இன்னும் ஒரு சுற்று நகர்த்தினால் உள்சுவருக்குத் துருவிலிருந்து பாதுகாப்பு. அடியில் ஆயில் நட்டைத் திறந்தால் முதலில் தண்ணீர்தான் கொட்டும், எண்ணெயைவிடக் கனம் என்பதால். வடித்ததைக் கீழே ஊற்றாமல் ஒரு கேனில் பிடித்து வைக்க வேண்டும். அதுவும் சாட்சிதான். புது ஆயில், புது ஃபில்டர்.

இத்தோடு வீட்டு வேலை முடிந்தது. நனைந்த கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார்கள், பிரேக், பெட்ரோல் டேங்க் எல்லாம் பார்த்து முடிக்கும்வரை ஸ்டார்ட் கிடையாது. டீசல் வண்டியில் இன்ஜெக்டரையோ ஹீட்டர் ப்ளக்கையோ கழற்ற வேண்டும், அது வீட்டு வேலை இல்லை. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர் தென்பட்டால் அந்தப் பக்கமே கை போகக் கூடாது. வெள்ளத்தில் நின்ற காரை அஞ்சே நிமிஷத்தில் "ட்ர்ர்ரூம்" என்று கிளப்பிக் காட்டும் வீடியோக்காரர்கள் யாரும், அந்த வண்டி அடுத்த மாதம் என்ன ஆனது என்று இன்னொரு வீடியோ போடுவதில்லை.

இப்போது மரியாதையான ஆசாமியிடம் வருவோம்.

சாலையில் ஓட்டக் கட்டாயமாக எடுக்க வேண்டிய தேர்ட் பார்ட்டி பாலிசி இதற்கெல்லாம் ஒரு பைசா தராது. அது அடுத்தவருக்கானது, விடுங்கள். ஆனால் பேக்கேஜ் பாலிசி என்று கூடுதல் காசு வாங்கி விற்கிறார்களே, அதன் முதல் பிரிவிலேயே வெள்ளம், புயல், சூறாவளி என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. படிக்கும்போது குளிர்ந்துவிடும். கொஞ்சம் கீழே இறங்கினால், தொடர்விளைவு நஷ்டம் தரமாட்டோம், தேய்மானம் தரமாட்டோம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் தரமாட்டோம். ஆக, மூழ்கிய காரின் கார்ப்பெட்டுக்கும் சீட்டுக்கும் காசு உண்டு. இன்ஜினைக் கழுவிச் சுத்தம் செய்யவும் கிடைக்கலாம். உள்ளே புகுந்த தண்ணீரால் ராடு வளைந்தால் மட்டும் "இன்ஜின் ப்ரொடெக்ட்" என்று தனி ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும். ஃபுல் மீல்ஸ் என்று போர்டு வைத்துவிட்டு, இலை போட்ட பிறகு "சோறு மட்டும் தனி சார்" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பி.காம் இன்சூரன்ஸ் பாடத்தில் "காஸா ப்ராக்ஸிமா" என்று ஒன்று வரும். அஞ்சு மார்க் கேள்வி. நஷ்டத்துக்கு நெருங்கிய காரணம் எது என்று பார், நேரத்தால் கடைசியாக வந்ததைப் பார்க்காதே என்பது அதன் சாரம். அதற்கு உதாரணமாகச் சொல்லப்படும் வழக்கு 1918ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் முடிந்த லேலண்ட் ஷிப்பிங் எதிர் நார்விச் யூனியன். 1915ல் முதல் உலகப் போர் நேரம். இகாரியா என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. கப்பல் மூழ்கவில்லை, பிரான்ஸின் லே ஹாவ்ர் துறைமுகத்துக்குத் தத்தித் தத்தி வந்து சேர்ந்தது. அங்கே புயல் காற்று வீசி, கப்பல் கரைமேடையில் மோத ஆரம்பித்தது. மூழ்கி வழியை அடைத்துவிடுமோ என்று பயந்த துறைமுக அதிகாரிகள் வெளிப்பக்கம் தள்ளிப்போய் நிற்கச் சொன்னார்கள். அங்கே ஒவ்வொரு வற்றிலும் தரை தட்டித் தட்டி, கடைசியில் உடைந்து மூழ்கியது.

பாலிசியில் கடல் ஆபத்துக்குப் பாதுகாப்பு உண்டு, போர் நடவடிக்கைக்குக் கிடையாது. முதலாளிகள் சொன்னார்கள், "புயலும் அலையும்தான் மூழ்கடித்தது, காசு கொடு". இன்சூரன்ஸ் கம்பெனி சொன்னது, "இல்லை, டார்பிடோதான் காரணம். அந்த ஓட்டை கடைசிவரை கப்பலை விடவே இல்லை". பிரபுக்கள் சபை கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது.

நல்லது. அப்படியே ஏற்றுக்கொள்வோம். அந்த நியாயத்தை இப்போது முடிச்சூருக்குக் கொண்டு வருவோம். வாசலில் நிறுத்தி வைத்த காருக்குள் வெள்ளம் புகுந்தது. சிலிண்டரில் மூன்று மூடித் தண்ணீர் நிற்கிறது. காலையில் ஒருவர் சாவியைத் திருகுகிறார், ராடு வளைகிறது. சாவி திருகியது கடைசிச் சம்பவம், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிலிண்டரை வெள்ளம் விட்டுப் போயிருந்ததா? தண்ணீர் இல்லாத சிலிண்டரில் சாவியைத் திருகினால் ராடு வளையுமா? காசு கொடுக்காமல் இருக்க வேண்டும் என்றால் முதல் காரணம், காசு கொடுக்க வேண்டி வந்தால் கடைசிக் காரணம். தலை விழுந்தால் எனக்கு, பூ விழுந்தால் உனக்கில்லை!

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. மழைநேரத்தில் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீருக்குள், போய்த்தான் பார்ப்போமே என்று வண்டியை விடுகிற வீரர்கள் இருக்கிறார்கள். ஓடுகிற இன்ஜின் தண்ணீரை உறிஞ்சினால் சேதம் படுபயங்கரம். அந்த வீரத்துக்கு மற்றவர்களின் பிரீமியத்திலிருந்து ஏன் தர வேண்டும் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் ராத்திரி தூங்கப் போன மனிதரையும் அந்த வீரரையும் ஒரே பெட்டியில் போடுவதுதான் அநியாயம்.

இன்னொரு விஷயம். அதே பாலிசியின் நிபந்தனைகளில், வண்டியைச் சேதத்திலிருந்து காப்பாற்ற நியாயமான நடவடிக்கை எல்லாம் உரிமையாளர் எடுக்க வேண்டும், பழுதான பிறகு மேற்கொண்டு சேதம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. பழுது பார்க்காமல் ஓட்டினால் அதனால் வரும் கூடுதல் சேதம் அவர் தலையில். சரி. அப்படியானால் பேட்டரியைக் கழற்றுவதும், ப்ளக்கை எடுத்துத் தண்ணீரை வடிப்பதும் அந்த நிபந்தனை கேட்கும் நடவடிக்கைதானே? ஆனால் நடைமுறையில், "சர்வேயர் வரும்வரை எதையும் கழற்றாதீங்க, அப்புறம் க்ளெய்ம் பிரச்னை ஆகும்" என்பதுதான் பதில். சர்வேயரோ ஊரே மூழ்கிக் கிடக்கும்போது எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. காத்திருந்தால் துரு. கழற்றினால் தகராறு. திருகினால் நாமம். இதனால்தான் படமும் வீடியோவும் கேனில் பிடித்த ஆயிலும். கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, புகார் எண் வாங்கிவிட்டு, வேலையை வீடியோ எடுத்துக்கொண்டே செய்தால், "நிபந்தனையில் சொன்னதைத்தான் செய்தேன்" என்று நிமிர்ந்து சொல்ல ஒரு பிடியாவது இருக்கும்.

மழைக்காலத்தில் "வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சில கம்பெனிகள் எஸ்எம்எஸ் அனுப்புகின்றன, உண்மைதான். ஆங்கிலத்தில் வரும். பல நேரம் கரண்ட்டும் டவரும் போன பிறகு வரும். பாலிசி காகிதத்தின் முதல் பக்கத்தில், பெயருக்கும் பிரீமியத்துக்கும் நடுவே, தமிழில் மூன்று வரி போட எவ்வளவு செலவாகும்? தண்ணீர் புகுந்தால் சாவியைத் தொடாதே. பேட்டரியைக் கழற்று. படம் எடுத்துவிட்டுத் தண்ணீரை வடி, அதற்காக க்ளெய்மை மறுக்க மாட்டோம். இந்த மூன்றாவது வரியில்தான் அவர்களுக்குச் சிக்கல். அதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் நிராகரிக்க ஒரு காரணம் குறைந்துவிடும்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது, போலீஸார் அப்படியெல்லாம் இல்லை என்றார்கள். டிவியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நிறுத்திவிட்டுக் குடை பிடித்து வீட்டுக்கு நடந்தவர்களில் பேக்கேஜ் பாலிசி வைத்திருந்தவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள்.