மழைக்கால அறுவடையும் வெயில்காலத் திட்டமும்: பிள்ளைகளிடம் விட்டுப் பார்ப்போமே!



நம் நாட்டில் பனிக்காலம் இல்லை, இலையுதிர்காலமும் இல்லை. அதற்காகப் பருவமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வீட்டுப் பின்புறத்தில் நான்கு பாத்தி கட்டிக் காய்கறி வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். செப்டம்பரில் வலுக்கும் மழை நவம்பர் வரை கொட்டும். திசம்பரில் மெல்ல ஓயும். சனவரி முதல் மார்ச்சு வரை மண் வறண்டு வெடிக்கும். கிழக்குக் கரையிலோ கதை வேறு. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் நவம்பர், திசம்பர் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை வெள்ளமாக வந்து நிற்கும். ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், ஒருவர் வடிகால் வெட்டுகிறார். இன்னொருவர் வாளியில் நீர் சுமக்கிறார்!

இந்த உண்மை நம் மாணவர்களுக்குத் தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி.

ஆண்டுதோறும் 'எங்கள் வீட்டுத் தோட்டம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்கிறோம். வண்ண மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன, வண்ணத்துப்பூச்சிகள் சிறகடிக்கின்றன, மாலையில் அப்பா செடிகளுக்கு நீர் ஊற்றுகிறார். முப்பது ஏட்டிலும் இதே தோட்டம்தான்! அடுக்குமாடி வீட்டின் பதினோராவது மாடியில் குடியிருக்கும் பிள்ளையும் இதே தோட்டத்தைத்தான் எழுதுகிறது. பிள்ளைகளைக் குறை கூறி என்ன பயன்? மாதிரிக் கட்டுரையை மனனம் செய்யக் கொடுத்தவர்கள் நாம்தானே.

'தோட்டம்' என்ற சொல்லுக்கே இந்நாட்டுத் தமிழரிடையே தனிப்பொருள் உண்டு. நம் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் தோட்டம் என்றால் பால்மரத் தோட்டம். அங்கே லயன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தது. முருங்கை, மரவள்ளி, கத்தரி, பாகல் பந்தல், கருவேப்பிலை, ஒரு மூலையில் மஞ்சள். சப்பானியர் ஆட்சிக்காலத்தில் அரிசி கிடைக்காதபோது மரவள்ளிக்கிழங்கு பல குடும்பங்களின் உயிரைக் காத்தது. 1974-இல் துன் அப்துல் ரசாக் தலைமையிலான அரசாங்கம் 'பச்சைப் புத்தகத் திட்டம்' என்ற பெயரில் வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிடச் சொன்னபோது, தோட்டத்துத் தமிழர்களுக்கு அதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் நகரத்துக்கு வந்தார்கள். அந்தத் துண்டு நிலத்தில் உழைத்தவர்கள் இன்று எழுபது, எண்பது அகவையில் நம் வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்ள நமக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன?

பல பள்ளிகளில் தோட்டம் உண்டு, போட்டிகளும் உண்டு. ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? நீதிபதிகள் வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் நாற்றுகள் விலைக்கு வாங்கப்படுகின்றன. மாணவர்கள் கையில் நீர்ப்பூவாளியோடு படம் எடுக்கப்படுகிறது. சான்றிதழ் சுவரில் ஏறிய பின், விடுமுறையில் செடிகள் காய்ந்து போகின்றன. ஆசிரியர்களின் பணிச்சுமை எனக்குத் தெரியும். அவர்கள் மீது குற்றமில்லை. எனினும் இத்தகைய தோட்டத்தில் மாணவன் வெறும் கூலியாள். எதை நடுவது, எப்போது நடுவது, எதை விடுவது என்ற முடிவில் அவனுக்குப் பங்கே இல்லை. வீட்டிலும் இதே நிலைதான். "போய்ப் புல்லைப் பிடுங்கு" என்கிறோம். "அடுத்து என்ன நடலாம்?" என்று கேட்பதில்லை.

என் கருத்து இதுதான்: மழைக்கால அறுவடை முடியும் ஆண்டிறுதி விடுமுறையில், வெயில்காலத் தோட்டத்தைத் திட்டமிடும் பொறுப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும். கோவிட் காலத்தையொட்டி 2022-இல் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளித் தவணை 2026-இல் மீண்டும் சனவரிக்குத் திரும்பியிருக்கிறது. ஆகவே, மேற்குக் கரையின் வடபகுதியில் மழை ஓய்வதும் பள்ளி விடுமுறையும் மறுபடியும் ஒன்றாக வருகின்றன. நல்வாய்ப்பு!

அறுவடையிலிருந்தே தொடங்கலாம். வெண்டைக்காயைப் பறிக்கப் பிள்ளையை அனுப்புங்கள். நுனியை ஒடித்துப் பார்க்கட்டும். பட்டென்று ஒடிந்தால் சமையலுக்கு, வளைந்தால் முற்றல். வெண்டை இரண்டு நாள் கவனிக்காவிட்டால் முற்றிவிடும் என்பதைத் தானே கண்டுகொள்வான். முற்றியதை எறிய விடாதீர்கள். நல்ல செடியில் இரண்டு மூன்று காய்களைப் பறிக்காமல் விட்டு, நெற்றாகக் காயவிட வேண்டும். அடைமழையில் நெற்று செடியிலேயே பூசணம் பிடித்துவிடும். மழை ஓயும் திசம்பரே விதை எடுக்க உகந்த நேரம். பயற்றங்காயும் அப்படித்தான். பாகற்காய் பழுத்து வெடித்தால் உள்ளே செக்கச்செவேலென்ற சதைக்குள் விதை இருக்கும். கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கத்தரியோ மஞ்சளாகப் பழுக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

பூ, பிஞ்சு, காய், முற்றல், நெற்று. இச்சொற்களை வகுப்பில் எழுதிப்போட்டுப் பொருள் கூறியிருக்கிறேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள், அடுத்த வாரம் மறந்தார்கள். மறக்காமல் என்ன செய்வார்கள்? பேரங்காடியில் நெகிழித்தாளில் சுற்றிய காய் மட்டுமே கிடைக்கிறது. அங்கே பிஞ்சும் இல்லை, நெற்றும் இல்லை. பொருள் கண்ணிலிருந்து மறைந்தால் சொல் நாவில் எப்படி நிற்கும்? தமிழ் அழிகிறது என்று மேடையில் முழங்குகிறோம். அது வகுப்பறையில் அழிவதற்கு முன்பே வீட்டுக் கொல்லையில் அழிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கை. கடையில் வாங்கும் விதைப்பொட்டலம் வீரிய ஒட்டுரகமாக இருந்தால், அதன் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி போலவே விளையும் என்று நம்ப முடியாது. பாட்டி வைத்திருக்கும் பழைய நாட்டுரகம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

இனித் திட்டம். இங்கேதான் கணக்குப் பாடம் வருகிறது. கடும் வெயிலில் ஒரு சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் தேவை. ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளமுள்ள பாத்திக்கு 15 லிட்டர். 200 லிட்டர் பீப்பாயில் மழைநீர் பிடித்து வைத்தால், ஒரு பாத்திக்குப் பதின்மூன்று நாள் வரும். மூன்று பாத்திக்கு நான்கு நாளில் தீர்ந்துவிடும். எத்தனை பாத்தியை வெயில்காலத்தில் வைத்துக்கொள்வது? எதைக் கைவிடுவது? இதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். கங்கோங் கீரைக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். வெண்டையும் கத்தரியும் வேர்பிடித்த பின் வெயிலைத் தாங்கும். சனவரி முதல் வாரத்தில் வெண்டை விதைத்தால், ஏறத்தாழ 50 நாள் கழித்து, பிப்பிரவரி இறுதியில் காய்க்கும். அப்போதுதான் வெயில் உச்சம். மழைக்கு உயர்த்திக் கட்டிய மேட்டுப்பாத்தியைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். லாலான் புல்லை வெட்டி, விதை இல்லாமல் பார்த்து, மண்மீது மூடாக்காகப் பரப்ப வேண்டும். பீப்பாய்க்குக் கொசு வலை கட்டாயம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரமே போதும்.

இது விளையாட்டுக் கணக்கு அன்று. 1998 ஏப்ரலில் பெர்லிஸ், சூப்பிங்கில் வெப்பம் 40.1 பாகை செல்சியசைத் தொட்டது. 2016 ஏப்ரலில் வெப்பத்தின் காரணமாகப் பெர்லிசிலும் கெடாவிலும் பள்ளிகளையே மூடினார்கள். 2014-இல் சிலாங்கூரில் மாதக்கணக்கில் நீர்ப் பங்கீடு நடந்தது. இந்தப் பிள்ளைகள் வாழப்போகும் காலத்தில் நீரை எண்ணிச் செலவிடும் பழக்கம் கட்டாயம் தேவைப்படும்.

"சார், இரவுச் சந்தையில் ஒரு கட்டுக் கீரை இரண்டு வெள்ளிதானே, இவ்வளவு பாடு எதற்கு?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டுத் தோட்டத்தால் பணம் மிச்சமாகும் என்று நான் சொல்லமாட்டேன். எருவுக்கும் நேரத்துக்கும் கணக்குப் பார்த்தால் கைப்பிடிப்பாகக்கூட ஆகலாம். இடமில்லை என்பவர்களுக்கு மூன்று தொட்டி போதும்: ஒன்றில் வெண்டை, ஒன்றில் மிளகாய், ஒன்றில் தண்டுக்கீரை. நேரமில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அதனால் மிச்சமான மாலைப்பொழுதெல்லாம் எங்கே போயிற்று? பெரும்பாலும் வேறொரு துணைப்பாட வகுப்புக்கு!

பிள்ளையின் திட்டம் தோற்கலாம். தண்ணீர் போதாமல் ஒரு பாத்தி காய்ந்து போகலாம். பெற்றோர் இரவோடு இரவாக நீரூற்றிக் காப்பாற்றிவிடக் கூடாது. பழந்தோட்டத்து அம்மாக்கள் பொங்கலையொட்டி மஞ்சளைத் தோண்டுவார்கள். இலை காய்ந்ததும் எடுத்து, நடுவதற்கான கிழங்கை நிழலில் ஒதுக்கி வைப்பார்கள். மரவள்ளித் தண்டையும் அப்படியே நிழலில் சாய்த்து வைத்து, ஏப்ரல் மழைக்குக் காத்திருப்பார்கள். அவர்களுக்கும் சில ஆண்டு பொய்த்திருக்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய தவணையில் 'எங்கள் வீட்டுத் தோட்டம்' வேண்டாம். "பிப்பிரவரியில் உன்னிடம் ஒரு பீப்பாய்த் தண்ணீர்தான் இருக்கிறது, எந்தப் பாத்திக்கு ஊற்றுவாய், ஏன்?" என்று கேளுங்கள். எழுதுமுன் பாட்டியிடமோ தாத்தாவிடமோ பேசிவிட்டு வரச் சொல்லுங்கள்.