ஆங்கில வகுப்பில் வாய் திறக்கலாமா?

ஆங்கில வகுப்பு என்றதும் எங்களில் பாதிப்பேர் முன்பெஞ்சு மாணவியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். ஆசிரியையின் கண்ணில் படாமலிருக்க வேண்டுமே! இத்தனை ஆண்டுகள் படித்தும் ஏன் இந்தப் பயம்?

சென்ற ஆண்டு, தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த தோழி ஒருத்தி எழுந்து, “மை மதர் டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம், மறைப்பானேன்? அதன்பின் காலாண்டுத் தேர்வு முடியும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

ஆசிரியை ஒருநாள் கரும்பலகையில் ‘என் தாய் ஆசிரியை’ என்று எழுதி, “இதில் வினைச்சொல் எங்கே?” என்று கேட்டார்கள். தேடினோம், காணோம். தமிழுக்கு அங்கே வினைச்சொல் தேவையே இல்லை. ஆங்கிலத்துக்கோ ‘இஸ்’ இல்லாமல் வாக்கியம் நிற்காது. ‘தி’ போன்ற சொல்லும் தமிழில் கிடையாது. தோழி தமிழின் வழியிலேயே ஆங்கிலத்தை நடத்தியிருக்கிறாள் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. பத்து முறை எழுதியும் ஏறாத இலக்கணம் ஐந்து நிமிடத்தில் ஏறிற்று.

ஆகவே, தமிழில் பேசினால் அபராதம் என்று சில பள்ளிகளில் வைத்திருக்கும் விதியை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். அபராதத்துக்கு அஞ்சுகிறவள் ஊமையாகிவிடுகிறாள். ‘கட்டுமரம்’, ‘சுருட்டு’ முதலிய சொற்களை ஆங்கிலம் நம்மிடமிருந்து அபராதமின்றித்தானே எடுத்துக்கொண்டது!

இனி ஒரு கணக்கு. வகுப்பில் 44 பேர். பாடவேளை 45 நிமிடம். ஆசிரியை ஒரு சொல்லும் பேசாவிட்டால்கூட ஆளுக்கு ஒரு நிமிடம்தான். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து 10 நிமிடம் பேசினால் ஆளுக்கு 5 நிமிடம் கிடைக்கும். இரைச்சல் இருக்கும், சிஸ்டர்கள் வராந்தாவில் நின்று எட்டிப் பார்க்கவும் கூடும். பொறுத்தருள வேண்டுகிறோம்.

பொதுத்தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண் உண்டா என்று பெற்றோர் கேட்கலாம். இல்லைதான். ஆனால் வாயால் சொல்லிப் பார்த்த வாக்கியம் பேனாவுக்கும் எளிதில் வருகிறது. நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதியது தேர்வு முடிந்த மாலையே மறந்துபோகிறது.

தோழி இப்போது பேசுகிறாள். ‘தி’யை மட்டும் இன்னும் விட்டுவிடுகிறாள். நாங்கள் மட்டும் தமிழ்க் கட்டுரையில் ‘ர’வையும் ‘ற’வையும் இடம் மாற்றாமலா எழுதுகிறோம்?