இடது கையின் வேலை

கொலோன் கச்சேரிக் கதையை இந்த வாரம் இன்னொரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் சொல்லக் கேட்டேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கொலோன் நகர ஆப்பரா அரங்கு. கச்சேரிக்கு ஏற்பாடு செய்த வேரா பிராண்டஸுக்கு அப்போது வயது 18. கேட்ட பியானோ மேடைக்கு வரவில்லை. நின்றது ஒத்திகைக்கு வைத்திருந்த சின்ன போசன்டார்ஃபர் பியானோ. சுருதி கலைந்திருந்தது, மேல் ஸ்தாயி கீச்சிட்டது, கீழ் ஸ்தாயியில் கனமே இல்லை, பெடலும் சரியில்லை. ஜாஸ் பியானோக் கலைஞர் கெய்த் ஜாரட் முதுகுவலியோடும் தூக்கமில்லாமலும் வந்திருந்தார். இரவு பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்தவர், முன்கூட்டி எதையும் எழுதி வைக்காமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். அந்தப் பதிவு லட்சக்கணக்கில் விற்றது.

பேச்சாளர் இதிலிருந்து எடுத்த பாடம், தடைகளைப் படிக்கட்டுகளாக்குங்கள் என்பது. விற்பனைப் பிரிவு இளைஞர்கள் கைதட்டினார்கள். வலியோடு உட்கார்ந்த மனிதரின் விரல்கள் அந்த ஒரு மணி நேரம் என்ன செய்தன என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இசையைப் பற்றிய கதையில் இசையே இல்லை.

விரல்கள் செய்தது இதுதான். அடிஸ்வரத்தில் கனம் இல்லாததால் இடது கை சின்னச் சின்ன வடிவங்களை விடாமல் திரும்பத் திரும்ப வாசித்தது. நீண்ட நேரம் இரண்டே இரண்டு கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள், மாறி மாறி வருகின்றன. அந்தத் தரையில் நின்றுகொண்டு வலது கை தேடியது, தவித்தது, சில இடங்களில் கூத்தாடியது. 2018-ல் ஜாரட்டை இரண்டு முறை பக்கவாதம் தாக்கி முடக்கிப்போட்டது அந்த இடது கையைத்தான். மேடைப் பேச்சுகளில் இது வருவதில்லை.

கொலோனை இங்கேயே விட்டுவிடுகிறேன். இடது கை என்றதும் மனம் இன்னொரு ஜாஸ் பியானோக் கலைஞரான பில் எவன்ஸிடம் போய்விட்டது. அவரைப் பற்றி இந்தப் பத்தியில் அளவுக்கு மீறி எழுதுகிறேன் என்று கடிதங்கள் வந்திருக்கின்றன. இன்னும் எழுதுவேன், எழுத வேண்டிய ஆள் அவர்.

1958 டிசம்பரில் ஒரு பதிவுக்கூடத்தில் எவன்ஸ் லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் ‘சம் அதர் டைம்’ பாட்டை வாசிக்க உட்கார்ந்தார். அதன் தொடக்கத்துக்கான இரண்டு கார்டுகளை இடது கை வாசிக்கத் தொடங்கியது. அந்த இரண்டும் அவருக்குப் பிடித்துப்போக, பாட்டை விட்டுவிட்டு அவற்றிலேயே தங்கிவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் ‘பீஸ் பீஸ்’. ஆறரை நிமிடத்துக்கும் மேல் இடது கை அந்த இரண்டையும் விட்டு நகர்வதே இல்லை. வலது கை முதலில் ஒரு குழந்தை வாசிக்கக்கூடிய எளிய மெட்டில் தொடங்குகிறது. பிறகு மெல்ல விலகி, இடது கையோடு ஒட்டாத ஸ்வரங்களுக்குள் போகிறது. நடுப்பகுதியில் மேல் ஸ்தாயியில் அது உரசும் உரசல் கேட்கவே கஷ்டமாக இருக்கும். இடது கை அதைத் திருத்தப் போவதில்லை, துரத்திப் பிடிக்கவும் போவதில்லை. தன் இரண்டு கார்டுகளை அதே நிதானத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறது. வலது கை தானாகத் திரும்பி வருகிறது.

துக்கத்தை இசையில் ‘கொட்டுவது’ என்று பேசுகிறோமே, அதை நான் நம்புவதில்லை. கொட்டினால் சத்தம்தான் மிஞ்சும். துக்கம் எவ்வளவு தூரமும் போக வேண்டுமென்றால் ஏதோ ஒன்று நகராமல் இருக்க வேண்டும். நம் ஊர் ஒப்பாரியில் மெட்டு மாறாது. போனவரின் பெருமையும் இருப்பவரின் ஆற்றாமையும் அந்த நேரத்தில் வாயில் வந்தபடி அதில் ஏறும். அழுதுகொண்டே ஒரு பெண்ணால் அத்தனை வரி கட்ட முடிவது அதனால்தான்.

2016-ல் ஓர் அமெரிக்க ஆய்வுக் குழு 12 ஜாஸ் பியானோக் கலைஞர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, கையில் ஒரு சின்ன கீபோர்டைக் கொடுத்து, ஒரு பெண்ணின் மகிழ்ச்சியான முகத்தையும் சோகமான முகத்தையும் காட்டி, அதற்கேற்ப மனோதர்மமாக வாசிக்கச் சொன்னது. நம்மை நாமே கண்காணிக்கும் முன்மூளைப் பகுதி மகிழ்ச்சிக்கு வாசித்தபோது நன்றாக அடங்கியது. சோகத்துக்கு அந்த அளவு அடங்கவில்லை. ஒரே ஆய்வை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. ஆனாலும் சோகத்திலும் ஏதோ ஒன்று விலகாமல் காவல் நிற்கிறது என்று படித்தபோது எவன்ஸின் இடது கைதான் நினைவுக்கு வந்தது.

இடது கையை நிலையாக வைத்து வலது கையைத் தேட விடுவதை நம் பியானோ வகுப்புகளில் யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா? கிரேடு தேர்வுகள் மீது எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதல்ல. எங்கள் குடியிருப்பில் ஒரு பெண், பத்தாம் வகுப்பு படிக்கிறாள், ஆறாவது கிரேடு தேறியவள். பாஹ் வாசிப்பாள், விரல் அவ்வளவு சுத்தம். போன மாதம் அவள் பாட்டி காலமானார். காரியமெல்லாம் முடிந்தபின் அவள் அம்மா, “பாட்டிக்காக ஏதாவது வாசியேன்மா” என்றார். அவள் கட்டைகளில் கை வைத்தாள், எடுத்துவிட்டாள். நோட்ஸ் இல்லாமல் ஒரு ஸ்வரம்கூட வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. எட்டு வயதிலிருந்து கற்றுக்கொண்ட வாத்தியம், வேண்டிய நாளில் அவளுக்கு உதவவில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த ஞாயிறு அவளுக்கு எவன்ஸின் அந்த இரண்டு கார்டுகளைக் காட்டினேன். இடது கை இதை மட்டும் வாசிக்கட்டும், வலது கை என்ன செய்தாலும் இது நிற்கக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் வெறும் இடது கைதான் ஒலித்தது. பிறகு வலது கையில் ஒரு ஸ்வரம், அதற்குப் பின் இன்னொன்று. ஒட்டாத ஒன்று விழுந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“தப்பா வந்துடுச்சு அங்கிள்.”

“இடது கையை ஏம்மா நிறுத்தின? அதையே இன்னொரு தடவை வாசி.”

வாசித்தாள். இரண்டாம் முறை அது தப்பாகக் கேட்கவில்லை. அவளே அதைத் தேடிப்போய் மூன்றாம் முறையும் வாசித்தாள்.

அடுத்து அவளுக்கு எவன்ஸின் நியூயார்க் டவுன் ஹால் பதிவைப் போட்டுக் காட்டப் போகிறேன். அப்பா இறந்து அதிக நாள் ஆகாத நிலையில், 1966 பிப்ரவரியில், அவர் நினைவாக எவன்ஸ் தனியாக 13 நிமிடத்துக்கு மேல் வாசித்தது. எழுதி வைத்த மெட்டுகளும் அந்த நேரத்து மனோதர்மமும் அதில் கலந்தே வருகின்றன. எது எங்கே மாறுகிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும்.